குடும்பத்தோடு சிரித்துப் பேசுவதும் சுன்னத்தே

எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

அல்லாஹ்வை அஞ்சி நடக்குமாறு முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் வஸிய்யத் செய்துகொள்கிறேன்.

பெற்றோரின் ஹக்கு பற்றி இந்த மிம்பரில் பலமுறை பேசியிருக்கிறோம். மாதச் செலவுக்குப் பணம் தருவது, மருந்து மாத்திரை தீராமல் பார்த்துக்கொள்வது, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது என இவற்றை நம் மஹல்லாவில் பெரும்பாலோர் குறையில்லாமல் செய்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இஷா முடிந்து விளக்கை அணைக்கிற நேரம் வரை பள்ளியின் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? “வீட்டுக்குப் போகலையா?” என்று கேட்டால், “போய் என்ன செய்ய ஹஜ்ரத்? ஆளுக்கொரு செல்லை வச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க” என்கிறார்கள். சோற்றுக்கு அங்கே குறைவில்லை. மகனும் மருமகளும் கெட்டவர்கள் இல்லை. பேரனோடு சேர்ந்து சிரிப்பதற்கு ஒரு காரணம் இல்லை, அவ்வளவுதான்.

இதை ஏன் ஜும்ஆ மேடையில் பேச வேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். தீனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது. ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்கு தீன் எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தது என்று ஹதீஸ் நூல்களைப் புரட்டிப் பார்த்தால், அதில் விளையாட்டுக்கும் ஓர் இடம் இருப்பது தெரியும்.

மஹ்மூத் பின் ரபீஃ (ரழி) அவர்கள் ஒரு சின்ன ஸஹாபி. அவருக்கு ஐந்து வயது இருக்கும்போது, நபி (ஸல்) அவர்கள் அவருடைய வீட்டிலிருந்த வாளியிலிருந்து ஒரு வாய் தண்ணீர் எடுத்து, வேடிக்கையாக அவர் முகத்தில் கொப்பளித்தார்கள். அவ்வளவுதான் சம்பவம். அந்தப் பிள்ளை வளர்ந்து பெரியவராகி, அதை மறக்காமல் மக்களுக்கு அறிவித்தார். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இந்த ஹதீஸைத் தம் நூலின் கல்விப் பாடத்தில், எந்த வயதுப் பிள்ளை கேட்டதை ஏற்கலாம் என்ற தலைப்பின் கீழ் கொண்டுவந்திருக்கிறார்கள். ஹதீஸ்கலை அறிஞர்களில் பலர், ஐந்து வயதுப் பிள்ளை கேட்டதையும் ஏற்கலாம் என்று சொல்வதற்கு இதையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள். ஒரு வாய்த் தண்ணீரில் நடந்த விளையாட்டு, ஹதீஸ்கலையில் ஒரு சட்டத்துக்கே ஆதாரமாகிவிட்டது!

உங்களுக்கு ஐந்து வயதில் உங்கள் அத்தாவோ நன்னாவோ செய்த உபதேசம் ஏதாவது நினைவிருக்கிறதா? யோசித்துப் பாருங்கள். அவர் தோளில் ஏறியதும், கந்தூரிக்கோ பெருநாளுக்கோ கையைப் பிடித்து அழைத்துப் போனதும்தான் நினைவுக்கு வரும். அந்த நினைவு இருக்கிற பிள்ளைதான், பிற்பாடு அவர் சொன்ன உபதேசத்தையும் எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு சம்பவம். இது எனக்கு மிகவும் பிடித்தது. நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களோடு அமர்ந்திருந்த ஒரு சபையில் ஒரு விடுகதை போட்டார்கள். மரங்களில் ஒரு மரம் உண்டு, அதன் இலை உதிராது, அது முஸ்லிமுக்கு ஒப்பானது, அது என்ன மரம் என்று கேட்டார்கள். சபையில் இருந்தவர்களின் எண்ணமெல்லாம் காட்டு மரங்களின் பக்கம் போய்விட்டது. அங்கே இருந்தவர்களில் மிக இளையவர் அப்துல்லாஹ் பின் உமர் (ரழி). பத்துப் பேரில் பத்தாவது ஆள் நான், எல்லோரிலும் சிறியவன் என்று அவரே சொல்கிறார். அது பேரீச்ச மரம் என்று அவர் மனதில் பட்டுவிட்டது. ஆனால் அபூபக்ர் (ரழி) அவர்களும் தன் தந்தை உமர் (ரழி) அவர்களும் பேசாமல் இருக்கும்போது தான் எப்படி வாய் திறப்பது என்று வெட்கப்பட்டு இருந்துவிட்டார். கடைசியில் நபியவர்களே விடை சொன்னார்கள். வெளியே வந்ததும் மகன் தந்தையிடம் விஷயத்தைச் சொல்ல, நீ மட்டும் அதைச் சொல்லியிருந்தால் எனக்கு இன்னின்ன செல்வம் கிடைப்பதைவிட அதுவே பிரியமாக இருந்திருக்கும் என்று உமர் (ரழி) அவர்கள் சொன்னார்கள். (புகாரி, முஸ்லிம்)

எத்தனை விஷயம் இதில் இருக்கிறது, பாருங்கள். உம்மத்தின் மூத்தவர்கள் உட்கார்ந்திருக்கும் அதே சபையில் ஒரு சின்னப் பையனும் இருக்கிறான். “பெரியவர்கள் பேசுகிற இடத்தில் உனக்கென்ன வேலை” என்று யாரும் விரட்டவில்லை. விடுகதை எல்லோருக்கும் சமமாகப் போடப்படுகிறது. பெரியவர்களுக்கு விடை தெரியவில்லை. அதில் அவர்களுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. கடினமான ஆள் என்று நாம் எல்லோரும் நினைக்கிற உமர் (ரழி), மகன் ஜெயித்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பேன் என்கிறார். ஒரு தகப்பன் மகனிடம் சொல்லக்கூடிய வார்த்தைகளில் இதைவிட இனிமையானது எது?

விடுகதை நம் தமிழ் வீடுகளுக்குப் புதியதா என்ன? நம் நன்னிமார்கள் திண்ணையில் உட்கார்ந்து போடாத விடுகதையா? இதற்குக் காசு வேண்டாம், சார்ஜ் வேண்டாம், இடம்கூட வேண்டாம்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களுக்கும், அவர்கள் வீட்டாருக்கும் இங்கே ஒரு யோசனை சொல்கிறேன். துபாயிலோ குவைத்திலோ இருந்து வீடியோ காலில் வந்தால் பிள்ளையிடம் முதல் கேள்வி என்ன? “ஹோம்வொர்க் முடிச்சியா? மார்க் எவ்வளவு?” பிள்ளை போனை உம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடிவிடுகிறான். அதற்குப் பதிலாக ஒரு விடுகதை போடுங்கள். விடை நாளைக்குச் சொல்ல வேண்டும், கூகுளைக் கேட்கக்கூடாது, நன்னாவிடமோ நன்னியிடமோ மட்டும் கேட்கலாம் என்று ஒரு நிபந்தனை வையுங்கள். நீங்கள் அங்கிருந்து போட்ட ஒரு கேள்வி, இங்கே பேரனைக் கொண்டுபோய் நன்னாவின் கட்டிலில் உட்கார வைத்துவிடும். விடை கிடைக்கிறதோ இல்லையோ, அவர் ரஜூலா கப்பலில் பினாங்குக்குப் போன கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

விடுமுறையில் ஊருக்கு வரும்போதும் கவனம் வேண்டும். நாற்பது நாள் விடுப்பு. முதல் வாரம் சொந்தபந்தம், அடுத்த வாரம் வீட்டு வேலைக்குக் கொத்தனார் பின்னால் அலைச்சல், அப்புறம் கல்யாண வீடுகள், அப்புறம் பெட்டி கட்டுவது. ஆரம்பத்தில் வெட்கப்பட்டுக் கதவுக்குப் பின்னால் நின்ற பிள்ளை ஒட்டிக்கொள்ள ஆரம்பிக்கும்போது டிக்கெட் நாள் வந்துவிடுகிறது. அந்த நாற்பதில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தைப் பிள்ளைகளுக்கென்று எழுதி வைத்துவிடுங்கள். கடற்கரை இருந்தால் கடற்கரை, இல்லையென்றால் குளத்தங்கரை. ஓடுங்கள். ஆம், ஓடத்தான் சொல்கிறேன்.

ஒரு பயணத்தில் நாயகம் (ஸல்) அவர்கள், தோழர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு, அன்னை ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். அன்னை ஜெயித்துவிட்டார்கள். பிறகு காலம் சென்று, அன்னையின் உடம்பு கொஞ்சம் பூசியிருந்த நேரத்தில் மறுபடி ஓடினார்கள். இம்முறை நபியவர்கள் முந்தினார்கள். சிரித்துக்கொண்டே, அன்றைய தோல்விக்கு இது சரியாகிவிட்டது என்றார்கள். (அபூதாவூத், அஹ்மத்) வஹீ இறங்கிக்கொண்டிருக்கும் நபி, ஓர் உம்மத்தையே சுமக்கிற தலைவர், பல நாளைக்கு முன் மனைவியிடம் தோற்ற ஓட்டத்தை நினைவில் வைத்திருக்கிறார்கள்! நமக்கு ஒரு கடையைக் கவனிப்பதற்குள் பிள்ளைகள் எந்த வகுப்பு என்பதே மறந்துபோகிறது.

மார்க்கப்பற்று என்றாலே முகத்தை இறுக்கிவைத்துக்கொள்வது என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்குப் பத்துப் பிள்ளைகள், ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று அக்ரஃ பின் ஹாபிஸ் சொன்னபோது, இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்று பெருமானார் எச்சரித்தார்கள். அதே பெருமானார் தொழுவிக்கும்போது ஸஜ்தாவில் பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டது. அவர்கள் எழவில்லை. என்ன நேர்ந்ததோ என்று பின்னால் நின்றவர்கள் பயந்துபோகும் அளவுக்கு ஸஜ்தா நீண்டது. தொழுகை முடிந்ததும், பிள்ளையின் ஆசை தீருமுன் அவசரப்படுத்த விரும்பவில்லை என்று விளக்கம் சொன்னார்கள். (நஸாயீ) நம் பள்ளியில் பின்வரிசையில் ஒரு பிள்ளை சிரித்துவிட்டால் நடப்பது உங்களுக்கே தெரியும். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

பெரியவர்கள் பக்கமும் பார்ப்போம். மக்கா வெற்றியின்போது அபூபக்ர் (ரழி) அவர்கள், பார்வை இழந்த தம் முதிய தந்தை அபூகுஹாஃபாவை நபியவர்களிடம் கைபிடித்து அழைத்து வந்தார்கள். பெரியவரை வீட்டிலேயே இருக்கவிட்டிருக்கலாமே, நானே அவரிடம் வந்திருப்பேனே என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். (அஹ்மத்) அந்தக் குடும்பத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அபூகுஹாஃபா, அவர் மகன் அபூபக்ர், பேத்தி அஸ்மா, அஸ்மாவின் மகன் அப்துல்லாஹ் பின் ஸுபைர் என நான்கு தலைமுறையும் ஸஹாபாக்கள். பெரியவரைத் தேடி நாம் போக வேண்டும் என்ற அந்தப் பாடம் நமக்கும்தான். அவர் அறையிலிருந்து கூடத்துக்கு எழுந்து வர முடியவில்லையா? சாப்பாட்டு விரிப்பை அவர் அறையில் விரியுங்கள்.

ஆம், சாப்பாடு. சாப்பிட்டும் வயிறு நிறையவில்லை என்று முறையிட்ட தோழர்களிடம், தனித்தனியாகச் சாப்பிடுகிறீர்களோ என்று கேட்டு, சேர்ந்து உண்ணுங்கள், பரக்கத் உண்டாகும் என்று வழிகாட்டினார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். (அபூதாவூத்) நம் கடலோர ஊர்களில் கல்யாணத்துக்கு ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்து உண்கிறோமே, அதை வாரத்தில் ஒருநாள் வீட்டில் செய்தால் என்ன? நன்னா, மகன், பேரன் ஒரே சஹனில். கறித்துண்டு யார் பக்கம் போகிறது என்பதிலேயே பாதி சிரிப்பு வந்துவிடும்.

இன்னொன்று நம் சமுதாயத்துக்கே உரியது. உங்கள் வீட்டு நன்னிக்கு அரபுத்தமிழ் வாசிக்கத் தெரியுமா என்று கேளுங்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறை அது. ப, ட, ழ போன்ற ஒலிகள் அரபியில் இல்லை என்பதால், இருக்கிற எழுத்துகளில் புள்ளியும் குறியும் கூட்டி நம் முன்னோர்கள் உருவாக்கினார்கள். மக்தபில் குர்ஆன் ஓதும் பிள்ளைக்கு எழுத்து ஏற்கெனவே தெரியும், தமிழும் தெரியும். சில நாட்களில் பிடித்துக்கொள்வான். இதைப் பாடமாக நடத்தாதீர்கள், ரகசிய எழுத்தாகச் சொல்லிக்கொடுங்கள்! வகுப்பில் வேறு யாருக்கும் புரியாத எழுத்தில் நன்னிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பதில் பிள்ளைக்கு எவ்வளவு குஷி! நம் காலத்தோடு அழிந்துபோகவிருக்கும் ஒரு கலைக்கும் அதனால் கொஞ்சம் ஆயுள் கூடும்.

விளையாட்டு என்று வரும்போது எல்லையையும் சொல்லிவிட வேண்டும். தொழுகை நேரம் தவறக்கூடாது, பந்தயப் பணம் கூடாது; இது தெரிந்ததே. பலருக்குத் தெரியாதது பகடை. தாயக்கட்டை உருட்டும் விளையாட்டும், செல்லில் ஆடும் லூடோவும் இதில் சேரும். பகடை உருட்டி ஆடுவதை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்திருப்பதால், பணம் வைக்காவிட்டாலும் அது கூடாது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் தீர்ப்பு. பல்லாங்குழியில் பகடை இல்லை. பதினான்கு குழி, கொஞ்சம் புளியங்கொட்டை, அவ்வளவுதான். எண்ணி எண்ணிப் பிள்ளைக்குக் கணக்கும் வரும்.

வேடிக்கையில் பொய்யும், பிறரைத் திடுக்கிட வைப்பதும் தடுக்கப்பட்டவை. இன்று சில பிள்ளைகள் தூங்கும் நன்னியைப் பயமுறுத்தி, அவர் பதறுவதைப் படம் எடுத்து ரீல்ஸ் போடுகிறார்கள். ஆயிரம் பேர் சிரிக்கிறார்கள். சிரிக்கப்படுபவர் நம் வீட்டு மூத்தவர். பெரியவர்களோடு சேர்ந்து சிரிப்பது சுன்னத், அவர்களைப் பார்த்துச் சிரிப்பது பாவம். இதைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள்.

செல்போனைப் பற்றிப் பேசும்போது வீட்டுப் பெண்கள் மீது பழியைப் போட்டுவிட்டு எழுந்துபோவது நமக்குச் சுலபம். போனை முதலில் கீழே வைக்க வேண்டியவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கும் நாம்தான். இஷாவுக்குப் பிறகு அரைமணி நேரம் எல்லாப் போனும் ஓர் அலமாரியில் இருக்கட்டும். உங்கள் போன் அதில் முதல் போனாக இருக்கட்டும்.

இன்று வீட்டுக்குப் போனதும் நபியவர்கள் கேட்ட அந்த விடுகதையைப் பிள்ளைகளிடம் கேளுங்கள், விடையைச் சொல்லிவிடாதீர்கள். அந்த மரம் எந்தெந்த வகையில் முஸ்லிமுக்கு ஒப்பாகிறது என்பதை நன்னாவும் பேரனும் சேர்ந்து யோசிக்கட்டும். அடுத்த ஜும்ஆவுக்குப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் சேர்த்து அழைத்து வாருங்கள். தொழுகைக்குப் பிறகு மக்தப் அறையில் அவர்கள் கண்டுபிடித்ததைக் கேட்க நான் காத்திருப்பேன்.

யா அல்லாஹ்! எங்கள் வீட்டுப் பெரியவர்களின் ஆயுளில் பரக்கத் செய்வாயாக! பிரிந்து வாழும் குடும்பங்களை நலமோடு ஒன்று சேர்ப்பாயாக! பேசத் துணையில்லாமல் இருப்பவர்களுக்கு நல்ல துணையைத் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.