பாவம் வேறு, குற்றம் வேறு

கருக்கலைப்பு பற்றிப் பேசும்போது பாவம், குற்றம் என்ற இரண்டு சொற்களையும் ஒன்றாக்கிவிடுகிறோம். பாவம் என்பது ஒருத்தி தன் தெய்வத்தோடு தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு. குற்றம் என்பது அரசு அவள்மீது தொடுக்கும் வழக்கு. முதலாவதை இரண்டாவதாக மாற்றினால் என்ன நடக்கும் என்பதை அயர்லாந்து காட்டியது.

கர்நாடகத்திலிருந்து சென்ற பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர், 2012 அக்டோபரில் கால்வே மருத்துவமனையில் சேர்ந்தார். பதினேழு வாரக் கரு தானாகவே கலையத் தொடங்கியிருந்தது. அது பிழைக்காது என்பது மருத்துவர்களுக்குத் தெரியும். கலைத்துவிடும்படி கேட்டார். கருவின் இதயம் துடிக்கிறது என்று மறுத்தார்கள். கிருமித்தொற்று உடலெங்கும் பரவி, அக்டோபர் 28 அன்று 31 வயதில் இறந்தார். இது கத்தோலிக்க நாடு என்று அவரிடம் சொன்னதை ஒரு செவிலியர் பின்னர் விசாரணையில் ஒப்புக்கொண்டார். தாய்க்கும் கருவுக்கும் சமமான உயிருரிமை என 1983இல் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்திருந்த நாடு அது. சவிதாவின் நம்பிக்கை என்ன என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை.

உயிர் எப்போது தொடங்குகிறது என்பதில் சமயங்களே ஒன்றுபடவில்லை. கருவுற்ற கணத்திலிருந்து என்கிறது கத்தோலிக்கத் திருச்சபை. 120 நாளில் ஆன்மா ஊதப்படுகிறது என்பது இஸ்லாமியச் சட்ட அறிஞர் பலரின் கருத்து. பிறக்கும்வரை தாயின் உயிருக்கே முன்னுரிமை என்கிறது யூத மரபு. தருமசாத்திரங்கள் கருவழிப்பைப் பெரும்பாவங்களோடு வைக்கின்றன. சட்டம் இவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டால், மற்ற எல்லோரையும் அந்த ஒரு சமயத்துக்கு மாற்றுகிறது என்றே பொருள்.

புறநானூற்றின் 34ஆம் பாட்டு, பெண்களின் கருவைச் சிதைத்தவர்களுக்கும் கழுவாய் உண்டு, நன்றி கொன்றவர்க்கு இல்லை என்ற கருத்தைச் சொல்கிறது. வகுப்பில் அதை நடத்தும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்தும். சிதைப்பவர் வேறு யாரோ; கரு மட்டும் அவளுடையது. அவள் என்ன நினைத்தாள் என்பதற்கு அங்கே இடமே இல்லை.

நம் சட்டத்தில் இருக்கிறதா? 1971இன் மருத்துவமுறைக் கருக்கலைப்புச் சட்டத்தில் மதத்தின் பெயர் இல்லை. ஆனால் அது பெண்ணின் உரிமையிலிருந்து பிறந்ததும் இல்லை. கருக்கலைப்பைத் தண்டிக்கும் பிரிவு இன்றும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இருக்கிறது. தனக்குத்தானே கலைத்துக்கொள்பவளுக்கும் தண்டனை உண்டு. 1971இன் சட்டம் அதற்கு ஒரு விலக்கு, அவ்வளவுதான். ஆறாவது வாரத்திலும் ஒரு மருத்துவர் காரணத்தை ஏற்க வேண்டும். குருவின் இருக்கையில் மருத்துவர் உட்கார்ந்திருக்கிறார். வயதுவந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும் என்று சட்டம் சொன்னாலும், "வீட்டுக்காரர் கையெழுத்து எங்கே?" என்ற கேள்வியைச் சந்தித்த பெண்கள் எனக்குத் தெரிந்தே பலர்.

2022இல் உச்ச நீதிமன்றம், மணமானவர், ஆகாதவர் என்று இதில் பிரிக்கக் கூடாது என்றது. அடுத்த ஆண்டே, மனநலச் சிகிச்சையில் இருந்த, இரண்டு குழந்தைகளின் தாய்க்கு 26 வாரத்தில் அனுமதி மறுத்தது. வாசல் திறந்திருந்தாலும் சாவி அவளிடம் இல்லை.

பெண் கருவை அழிக்கும் நாட்டில் இப்படிப் பேசலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த முடிவைப் பெரும்பாலும் எடுப்பது மாமியார் வீடும் வரதட்சணைக் கணக்கும். அதனால்தான் 1994இன் சட்டம் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைக் குற்றமாக்கியது. அவள் குரலைக் குறைப்பது அதற்கு மருந்தாகாது.

கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் அயர்லாந்து, 2018 வாக்கெடுப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் அந்தப் பிரிவை நீக்கியது. இன்று அங்கே 12 வாரம்வரை காரணம் கேட்பதில்லை. அதனால் அங்கே யாரும் தம் நம்பிக்கையை இழக்க வேண்டியிருக்கவில்லை. கலைப்பது பாவம் என்று கருதும் பெண் சுமக்கலாம். அவளைக் கலைக்கச் சொல்லவும் எந்த அரசுக்கும் உரிமையில்லை. அந்த 12 வாரத்தையாவது நம் சட்டமும் காரணம் கேட்காமல் பெண்ணிடம் விட வேண்டும்.