பக்கத்தில் ஓர் இடம்

"மச்சி, சனிக்கிழமை சென்னை வர்றேன். உன் ரூம்ல தங்கிக்கலாமா?"

பெருநகரத்தில் வேலை பார்க்கிற எவருக்கும் இப்படியொரு வாட்ஸாப் செய்தி வந்திருக்கும். பதிலும் அநேகமாக ஒன்றுதான்: "இதெல்லாம் கேக்கணுமாடா, வா." ஆனால் கேட்கத்தான் வேண்டும். கேட்காமல் வந்து நின்றால் சங்கடம் என்று அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். இதே நண்பன் ஊரில் நம் வீட்டுக்கு வர என்றைக்கு அனுமதி கேட்டான்? சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு நேராக அடுப்படிக்குப் போய், "என்னம்மா குழம்பு?" என்று கேட்டவன். இந்தப் பத்து வருடத்தில் அவன் அப்படியொன்றும் மாறிவிடவில்லை. நாமும் மாறிவிட்டதாக நினைக்கவில்லை. பிறகு அந்த 'தங்கிக்கலாமா' எங்கிருந்து வந்தது?

சின்ன விஷயம்தான். ஆனால் இதற்குள் ஓர் அறக்கேள்வி இருக்கிறது. நண்பனை விருந்தாளியாக நடத்துவது அவனுக்குச் செய்கிற மரியாதையா, அல்லது அவனை ஓர் அடி தள்ளி நிறுத்துவதா?

தமிழில் இந்தச் சிக்கல் சொல்லிலேயே இருக்கிறது. 'விருந்து' என்றால் நாம் இன்று இலையையும் பாயசத்தையும் நினைக்கிறோம். பழைய பொருள் 'புதுமை'. தொல்காப்பியம் செய்யுளின் எட்டு வனப்புகளைச் சொல்லும்போது அவற்றில் ஒன்றுக்கு 'விருந்து' என்று பெயர் வைக்கிறது. புதிதாகச் செய்யப்படுவது என்ற பொருளில். அதனால் விருந்தினர் என்றால் புதிதாக வந்தவர், நமக்குப் பழக்கமில்லாதவர். திருக்குறளில் விருந்தோம்பல் 9ஆம் அதிகாரம், அறத்துப்பாலில், இல்லறத்தானின் கடமைகளுக்கு நடுவே வருகிறது. நட்பு 79ஆம் அதிகாரம், பொருட்பாலில். இரண்டுக்கும் நடுவில் எழுபது அதிகாரத் தூரம். நட்புக்கு அடுத்து நட்பாராய்தல், அதற்கும் அடுத்து 81ஆம் அதிகாரமாக வருவதன் பெயர் 'பழைமை'. நெடுநாள் நண்பன் நம்மைக் கேட்காமலேயே உரிமையோடு ஒரு காரியத்தைச் செய்துவிட்டால் அதை மனம் கோணாமல் ஏற்பதைப் பற்றிப் பேசுகிற அதிகாரம் அது.

ஆக, விருந்து என்றால் புதுமை, நட்பு முதிர்ந்தால் பழைமை. விருந்தாளிக்கு நாம் காட்டவேண்டியது கவனிப்பு. நண்பனுக்குத் தரவேண்டியது உரிமை. வெள்ளி இரவு கோவில்பட்டியில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி, சனி காலை எழும்பூரில் இறங்கி, ஞாயிறு ராத்திரி திரும்பப் போகிறவன் இதில் எந்தக் கணக்கு? இரண்டும்தான். 36 மணி நேரம் அவன் பழையவனாகவும் இருக்கவேண்டும், புதியவனாகவும் இருக்கவேண்டும்.

நாம் பொதுவாக என்ன செய்கிறோம் என்று பாருங்கள். பட்டியல் போடுகிறோம். சனி காலை எழும்பூர் மியூசியம், சாயங்காலம் மெரினா, ராத்திரி பெசன்ட் நகர், ஞாயிறு மாமல்லபுரம். 1851இல் தொடங்கிய அருங்காட்சியகம், 1984இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற சிற்பங்கள் என்று கைடு மாதிரி சொல்லிக்கொண்டு போகிறோம். ஐந்து வருடமாகச் சென்னையில் இருக்கிறவர்கள் மாமல்லபுரம் போனதே யாராவது ஊரிலிருந்து வந்தபோதுதான். நகரத்தை நாம் காட்டவில்லை, அவனை வைத்து நாமும் பார்த்துக்கொள்கிறோம். அதில் தப்பில்லை. ஆனால் இந்தப் பட்டியலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நாள் முழுக்க வெளியே சுற்றினால் ரூமில் இருக்கிற நேரம் குறையும். ஒற்றை ஜன்னல், கழுவாத தட்டு, இரவு பதினோரு மணிக்கு வருகிற ஆபீஸ் போன், அதை எடுக்கும்போது மாறுகிற நம் குரல், இதெல்லாம் அவன் கண்ணில் படாது. ஊருக்கு நாம் அனுப்பியிருக்கும் நம்மைப் பற்றிய செய்தி அப்படியே இருக்கும். விருந்தோம்பலுக்குள் இப்படி ஒரு மறைப்பு இருக்க முடியும். அவனைப் புதியவனாகவே வைத்துக்கொண்டால் நம்மைப் பார்க்காமல் திரும்பிவிடுவான்.

அடுத்து காசு. பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் கொடை பற்றி எழுதியதில் சொன்ன அடிப்படைக் கருத்து, எந்தக் கொடையும் சும்மா வருவதில்லை, அது திரும்பச் செய்யும் கடமையைக் கூடவே கொண்டுவருகிறது என்பது. நம் ஊர்க்காரர்களுக்கு மோஸ் தேவையில்லை. கோவில்பட்டிக்காரன் கடலைமிட்டாய் இல்லாமல் ரயில் ஏறமாட்டான். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்த மிட்டாய்ப் பொட்டலத்தை முதலில் மேசையில் வைத்துவிட்டுத்தான் ஷூவைக் கழற்றுவான். அதற்கப்புறம்தான் போராட்டம். ஹோட்டலில் பில் வந்ததும், "டேய் நீ வைடா" என்று இருவர் கையும் போனுக்குப் போகும். பாதிப்பாதி ஜிபே செய்துகொள்வது நியாயமானது, யாருக்கும் பாரமில்லாதது. ஆனாலும் ஏதோ கொஞ்சம் குத்துகிறது. கணக்கை அன்றைக்கே தீர்த்துவிட்டால் அடுத்த முறை சந்திக்க ஒரு பாக்கியும் இல்லை. நண்பர்களுக்குள் கொஞ்சம் கடன் நிற்பது நல்லது. யார் பாக்கி என்பது மறந்துபோகிற அளவுக்கு நின்றால் இன்னும் நல்லது.

இதுவரை பேசியது இரண்டு பேரைப் பற்றி. நகரத்தில் விருந்தோம்பல் ஒருபோதும் இரண்டு பேர் சமாசாரம் இல்லை.

இம்மானுவேல் காண்ட் 1795இல் நிரந்தர அமைதி பற்றி எழுதியபோது ஒரு வேறுபாடு செய்தார். வேற்று மண்ணுக்கு வருகிறவரைப் பகைவராக நடத்தக்கூடாது என்பது அவருடைய உரிமை. அது வருகை தரும் உரிமை மட்டுமே. வீட்டுக்குள் விருந்தினராகத் தங்கும் உரிமை அதில் அடங்காது, அதற்குத் தனி ஒப்பந்தம் வேண்டும் என்றார். இருநூறு வருடம் கழித்து ழாக் தெரிதா இதைக் கிளறினார். நிபந்தனையில்லாத விருந்தோம்பல் என்றால் வந்தவரின் பெயரைக்கூடக் கேட்காமல் கதவைத் திறப்பது. ஆனால் கதவைத் திறக்கவேண்டுமானால் வீடு நம் கையில் இருக்கவேண்டும். வீட்டின் அதிகாரம் நம்மிடம் இருந்தால்தான் விருந்து கொடுக்க முடியும், அந்த அதிகாரமே நிபந்தனைகளைக் கொண்டுவந்துவிடும். தெரிதாவின் சிக்கல் இது.

சென்னையில் வாடகைக்கு இருப்பவரின் சிக்கல் இதற்கும் கீழே ஒரு படி. நிபந்தனையெல்லாம் இருக்கிறது, அதிகாரம்தான் இல்லை. பேச்சிலருக்கு வீடு இல்லை. சைவம் மட்டும். பத்து மணிக்கு கேட் பூட்டப்படும். கெஸ்ட் யாரும் தங்கக்கூடாது, தண்ணி லாரி காசை யார் கொடுப்பது? பெண்கள் விடுதிகளின் விதி இன்னும் கறார். அங்கே பார்க்க வருகிற தோழி வரவேற்பறையோடு சரி. நல்ல சம்பளம் வாங்குகிற, ஆபீஸில் பத்துப் பேருக்கு மேலே இருக்கிற ஒரு பெண், தன் சிநேகிதியை ஒரே ஒரு ராத்திரி பக்கத்தில் படுக்கவைக்க முடியாது. அவளுக்குக் குறளின் 9ஆம் அதிகாரம் என்ன சொல்ல முடியும்?

இதில் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. என் நண்பன் வந்திருந்தபோது மாடிப்படி அருகே வீட்டு உரிமையாளர் எதிர்ப்பட்டார். வயசானவர், சிரித்த முகம்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"கோவில்பட்டிங்க சார்."

"ஓ, கோவில்பட்டியா. அங்க எந்தத் தெரு?"

தமிழ்நாட்டில் வளர்ந்த எவருக்கும் இந்தக் கேள்வி எதைக் கேட்கிறது என்று தெரியும். அவருக்கு அந்த ஊரில் ஒரு தெருவும் தெரியாது. "ஸ்டேஷன் பக்கம் சார்" என்றான் நண்பன். "அவன் என் ஃப்ரெண்டு சார், ஞாயித்துக்கிழமை கிளம்பிடுவான்" என்றேன் நான். மேலே வந்ததும் எனக்குக் கை நடுங்குகிற கோபம். அவன் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே, "நான் இதுக்குப் பதில் சொல்லிப் பழகிட்டேன்டா. நீ புதுசா டென்ஷன் ஆகாத, தண்ணி கொண்டா" என்றான்.

இதை ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். என் கோபத்தில் பாதி, என் விருந்தாளியை என் வாசலில் வைத்துக் கேட்டுவிட்டார் என்ற கோபம். அது வீட்டுக்காரனின் கௌரவம், வீடே இல்லாத எனக்கு அது எங்கிருந்து வந்ததோ. கேள்வி கேட்கப்பட்டவன் அவன். கோபப்படுவதா, சிரித்துக் கடப்பதா என்று முடிவு செய்ய வேண்டியவனும் அவன்தான். விருந்தினரைக் காப்பது நம் கடமை என்று சொல்லும்போது, அவரது அவமானத்தையும் நம் சொத்தாக எடுத்துக்கொள்கிற ஆபத்து அதில் இருக்கிறது. அவன் கேட்டது தண்ணீர். முதலில் கொடுக்கவேண்டியதும் அதுதான்.

ஊரில் விருந்தோம்பல் இதைவிடச் சுலபமாக, அழகாக இருந்தது என்று ஏங்குகிறவர்கள் உண்டு. ஏங்குவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்க்கவேண்டும். அந்தத் திண்ணை எல்லோருக்குமான திண்ணை இல்லை. யார் திண்ணைவரை, யார் முற்றம்வரை, யார் அடுப்படிவரை என்பது அங்கே எழுதாமலேயே எல்லோருக்கும் தெரிந்த சட்டம். உரிமையாளர் கேட்ட தெரு அந்தச் சட்டத்தின் மிச்சம். இரண்டாவது, "சாப்பிட்டுத்தான் போகணும்" என்று வாசலில் சொன்ன குரல் அப்பாவுடையது. அதைக் கேட்டதும் உலையில் இன்னும் ஒரு படி அரிசி போட்டது அம்மா. அழைத்தவருக்குப் பெயர் கிடைத்தது, சமைத்தவருக்கு வேலை கிடைத்தது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற பழமொழியை முதலில் சொன்னது அடுப்படியாகத்தான் இருக்கவேண்டும்.

நகரத்து ரூமில் ஒரு நல்லது நடந்திருக்கிறது. அழைக்கிற வாயும் சமைக்கிற கையும் ஒரே ஆளுடையது. பெட்ஷீட்டைத் துவைத்துப் போடவேண்டியது நான், காலையில் பால் பாக்கெட் வாங்கவேண்டியது நான். ரூம்மேட்டிடம், "ரெண்டு நாளைக்கு ஒருத்தன் வர்றான், உனக்கு ஓகேவா?" என்று கேட்கவேண்டியதும் நான். அவனுடைய தூக்கத்தையும் சேர்த்துத்தானே நான் விருந்து வைக்கிறேன். அவனைக் கேட்காமல் தாராளமாக இருப்பது, அம்மாவைக் கேட்காமல் அப்பா தாராளமாக இருந்ததைப் போன்றதுதான்.

அப்படியானால் வீடும் இல்லாமல், அதிகாரமும் இல்லாமல், ஆள்வைத்துச் செய்யவும் முடியாமல், ஒருவர் எதைக் கொடுக்க முடியும்?

புறநானூற்றில் ஒரு கதை உண்டு, பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்விடத் துணிகிறான். பாண்டிய நாட்டுப் பிசிராந்தையார் அவன் நண்பர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. அவர் வருவார், அவருக்கு என் பக்கத்தில் ஓர் இடம் விட்டு வையுங்கள் என்கிறான் அரசன். அவரும் வருகிறார். பார்க்காமலே வளர்ந்த நட்புக்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். எனக்கு இது உலகின் விசித்திரமான விருந்தோம்பல் கதையாகவும் படுகிறது. அழைத்தவன் உண்ணாநோன்பில் இருக்கிறான், சோறு போட முடியாது. நாட்டைத் துறந்துவிட்டான், பொன்னும் தர முடியாது. அவன் உட்கார்ந்திருக்கிற மண்ணுக்குக்கூட அவன் இப்போது சொந்தக்காரன் இல்லை. வந்தவரோ கண்ணால் பார்த்திராத புதியவர், மனதால் பழையவர். அரசன் செய்தது ஒன்றுதான், தன் பக்கத்தில் இடம் விட்டான்.

தெரிதா சொன்ன சிக்கலுக்கு இதில் பாதி பதில் இருக்கிறது. விருந்து வைக்க வீட்டின் எஜமானாக இருக்கவேண்டியதில்லை. தான் இருக்கிற நிலையிலேயே, அதை மறைக்காமல், பக்கத்தில் ஒருவருக்கு இடம் விட முடிந்தால் போதும். பட்டியலில் இரண்டு இடத்தை வெட்டிவிட்டு, ஞாயிறு மத்தியானம் அவன் ஃபேனுக்கு அடியில் தூங்குவதற்கும் நாம் நம் துணியைத் துவைப்பதற்கும் விட்டுவிடலாம். அவன் கேட்காமல் டீ போட்டு, சர்க்கரை டப்பாவைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டால் வைத்துவிட்டுப் போகட்டும். பழைமை அங்கேதான் திரும்ப வருகிறது.

மீதிப் பாதி பதில் காண்டிடம் இருக்கிறது. தங்கும் உரிமைக்கு ஒப்பந்தம் வேண்டும் என்றார் அல்லவா. நாம் எல்லோரும் 11 மாதத்துக்கு ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறோம். வாடகை, அட்வான்ஸ், பெயின்டிங் சார்ஜ் எல்லாம் பேசுகிறோம். அடுத்த முறை வீடு பார்க்கப் போகும்போது, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு, ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லலாம்: "சார், என்னைப் பார்க்க ஊர்ல இருந்து ஆளுங்க வருவாங்க. ஒண்ணு ரெண்டு நாள் தங்குவாங்க. எந்தத் தெருன்னு யாரும் கேக்கக்கூடாது." சில வீடுகள் கிடைக்காமல் போகும். அந்த வீடுகளில் நம் நண்பனுக்கு எப்படியும் இடம் இருந்திருக்காது.