வேப்பமரத்துச் சாக்கு



போன செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் திருமுருகன்பூண்டியில் நடந்து போய்க்கொண்டிருந்தேன். சிற்பக்கூடங்களில் உளிச் சத்தம் இன்னும் தொடங்கவில்லை. ஆனால் எங்கிருந்தோ தொம், தொம் என்று ஒரு சத்தம். லைன் வீடுகளுக்குப் பின்னால் வேப்பமரக் கிளையில் ஒரு சாக்கு மூட்டையைத் தொங்கவிட்டு, பதினேழு வயதுப் பையன் குத்திக்கொண்டிருந்தான். விரல் முட்டிகளைச் சுற்றிப் பனியன் துணிக் கீற்றுகள்.

"உள்ளே என்ன கண்ணு?"

"கட்டிங் வேஸ்ட்டுங்க. மழையில நனைஞ்சு கல்லு மாதிரி இறுகிப்போச்சுங்க."

அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். இவனுக்குப் பட்டாளத்தில் சேர்ந்து பாக்ஸிங் ஆட வேண்டுமாம். "சம்பளமும் குடுத்து, பாக்ஸிங்கும் சொல்லிக் குடுப்பாங்கல்லங்க?" என்றான்.

கொடுப்பார்கள். கௌர் சிங்கின் கதையைச் சொன்னேன். பஞ்சாபில் சங்ரூர் மாவட்டத்து விவசாயி மகன். ராணுவத்துக்குப் போன பிறகுதான், இருபத்தைந்து வயதும் தாண்டித்தான், கிளவுஸ் மாட்டினார். 1980-ல் டெல்லியில் முகமது அலியோடு காட்சிப் போட்டியில் நின்றார். 1982 ஆசிய விளையாட்டில் ஹெவிவெயிட் தங்கம். மறு வருடம் பத்மஸ்ரீ. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்கும் போனார்.

பையன் மூச்சு வாங்கியபடி கேட்டான்: "அப்புறம் என்னங்க ஆனாரு?"

அதையும் மறைக்கவில்லை. ஊருக்குத் திரும்பி விவசாயம் பார்த்தார். 2017-ல் இதய நோய். வைத்தியத்துக்கு 2 லட்சம் ரூபாய் வட்டிக்கு வாங்கினார். பதக்கம் வென்ற காலத்தில் மாநில அரசு அறிவித்த 1 லட்சம் கைக்கு வரவே இல்லை என்று அவரே சொன்னார். செய்தி வெளியான பிறகுதான் உதவிகள் வந்தன. ராணுவமும் கை கொடுத்தது. 2023 ஏப்ரலில் காலமானார்.

அந்தக் காலத்தில் அமெச்சூர் வீரருக்குப் பரிசுப் பணம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. சம்பளமும் பென்ஷனும், மேடையில் நாம் கொடுக்கும் வாக்கும்தான். நம் ஊரில் சனிக்கிழமைச் சம்பளம் ஒரு நாள் தள்ளிப்போனாலே வீட்டில் அடுப்பு தடுமாறும். அது தெரிந்த நாமே மேடையேறினால் வாய்க்கு வந்ததை அறிவிக்கிறோம். மாலை வாடும் முன்னே மறந்தும்விடுகிறோம். இது தப்புங்க. கொடுக்க முடியாததைச் சொல்லவே கூடாது.

பையன் எல்லாம் கேட்டுவிட்டு, மறுபடி குத்த ஆரம்பித்தான். சாக்கு ஒரு பக்கம் பிரிந்து துணி வெளியே தொங்குகிறது. பூண்டிப் பக்கம் கம்பெனி வைத்திருப்பவர்கள் யாராவது, கிழியாத சாக்கு ஒன்று இருந்தால் அவனுக்குக் கொடுங்கள்.