முடியாத சுவரையும் காட்டுங்கள்

குடும்பத்தோடு ஃப்ளாரன்ஸ் போகிறவர்கள் பேராலயத்தின் குவிமாடத்தை அண்ணாந்து பார்த்து, படம் எடுத்துக்கொண்டு அடுத்த அருங்காட்சியகத்துக்கு ஓடிவிடுகிறார்கள். கொஞ்சம் நில்லுங்கள். 1367-இல் இவ்வளவு அகலம் என்று ஊரே முடிவு செய்தபோது, அதை எப்படி மூடுவது என்று ஒருவருக்கும் தெரியாது. 1420-இல்தான் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி வேலையைத் தொடங்கினார். தரையிலிருந்து தாங்குசாரம் எழுப்பாமலே, செங்கற்களை மீன்முள் வரிசையில் கோத்துக் கோத்து ஏற்றி, 1436-இல் மூடிக் காட்டினார். 463 படி ஏறினால் அந்த வரிசையைப் பிள்ளைகள் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். கால் வலித்தாலும் ஏறவேண்டிய படிகள் இவை.

மறுநாள் சியனாவுக்கு பஸ் பிடியுங்கள். ஃப்ளாரன்ஸோடு போட்டியிட்ட ஊர். பேராலயத்தைப் பெரிதாக்க 1339-இல் தொடங்கியவர்களை 1348-இன் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போனது; கட்டுமானக் கோளாறுகளும் சேர்ந்துகொள்ள, வேலை கைவிடப்பட்டது. கூரையில்லாத நெடுஞ்சுவர் இன்றும் நிற்கிறது. “ஏன் இப்படியே விட்டுட்டாங்க?” என்று பிள்ளை நிச்சயம் கேட்கும். அவசரப்படாமல், அங்கேயே உட்கார்ந்து முழுக்கதையையும் சொல்லுங்கள். அதற்காக ஒரு அருங்காட்சியகம் விட்டுப்போனாலும் பரவாயில்லை. அந்தச் சுவரின் உச்சிக்கும் படிகள் உண்டு. மேலிருந்து ஊரின் காம்போ சதுக்கம் நன்றாகத் தெரியும்.