அறியா உயிரும் அருளுடைமையும்

கொல்லாமை என்னும் அறம் இன்னதென்று அறிந்த உயிரிடத்து எளிது. அறியப்படாத உயிர் எதிர்ப்படுங்கால் அவ்வறம் எவ்வாறு நிற்கும் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

சிறுமலையை அடுத்த திண்டுக்கல்லில் கடல் இல்லை. ஆயினும் அந்நகரத்து இல்லமொன்றில், உப்புநீர் நிறைத்த கண்ணாடித் தொட்டியில் பவளமும் மீனும் வளர்க்கப்படுவதாகக் கொள்க. அதனுள் இடப்படும் பவளக்கல்லின் துளைகளில் முட்டையாயும் குஞ்சாயும் பல உயிர்கள் மறைந்து வருதல் உண்டு. சில திங்கள் கழிந்து ஓரிரவு விளக்கேற்றிப் பார்ப்பவர் கண்ணுக்குக் காலும் கொடுக்குமாய் யாதோ ஒன்று புலப்படுகின்றது. 'இது பகை' என்று கை இடுக்கியை நாடுகின்றது. 'இதுவும் ஓர் உயிரன்றோ' என்று நெஞ்சம் தடுக்கின்றது. இவ்விரண்டனுள் எது தக்கது?

இரண்டும் காலத்திற்கு முற்பட்டனவே. சிவஞானசித்தியாரின் அளவையியல் ஐயத்தையும் திரிபையும் மெய்க்காட்சியினின்று விலக்கும். பொதுவியல்பு வேறு, தன்னியல்பு வேறு எனவும் உணர்த்தும். கொடுக்குடைமை நண்டினத்திற்குப் பொது. அது கொண்டு ஒரு நண்டைப் பகையெனத் துணிதல் கூடாது. பவளத்தைக் கெடுக்கும் நண்டும் உண்டு. பவளக் கிளைகளிடையே வாழ்ந்து, அதனைத் தின்ன வரும் முள்முடி நட்சத்திரமீனின் கால்களைக் கிள்ளித் துரத்தும் டிரபீசியா என்னும் சிறுநண்டும் உண்டு. காவலனைக் கள்வனென்று கொல்வது திரிபின் பயனாம். சிலவகைக் கடற்சாமந்தியை அறியாது அறுப்பின், அறுத்த துண்டும் தனியுயிராய் வளர்ந்து பெருகும்.

இனி, அறியாது விடுதலும் அருளாகாது. இங்கிலாந்தில் நியூகே என்னும் ஊரின் காட்சிச்சாலையொன்றில் பவளங்கள் இரவில் துண்டுபட்டன. வைத்த பொறிகளாலும் பயனில்லை. 2009 ஆம் ஆண்டு தொட்டியைப் பிரித்துப் பார்த்தபோது நான்கடி நீளமுள்ள கடற்புழு ஒன்று வெளிப்பட்டது. அதனைக் கொல்லாது வேறொரு தொட்டியில் வைத்தனர். பவளமும் பிழைத்தது, புழுவும் பிழைத்தது.

'கடலில் விட்டுவிடின் என்?' எனின், அதற்கு எண்ணூர்க் கழிமுகமே விடை. அமெரிக்கக் கரைகளுக்குரிய சிப்பியொன்று கப்பல் வழியே வந்ததாகக் கருதப்படுகின்றது. மீனவர் காக்கா ஆழி என வழங்கும் அது கொசத்தலையாற்றின் அடித்தரையைப் போர்வைபோல் மூடி, இறாலுக்கும் மட்டிக்கும் இடமின்றாக்கியது. அவற்றை நம்பிய குடும்பங்கள் வாடின. வேற்றிடத்து உயிரை நீரில் விடுதல் ஒன்றற்கு அருளும் பலவற்றிற்குக் கேடுமாய் முடியும்.

இறைவன் உயிர்கட்குத் தநு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கனையும் கூட்டுகின்றான் என்பது சித்தாந்தம். ஆகலின் உடம்பேயன்றி, வாழும் இடமும் அவன் தந்ததே. தொட்டியில் தோன்றியதை அழையா விருந்து என்பர். அது தானே வரவில்லை; கொணரப்பட்டது. கல்லைப் பெயர்த்தவன்பாலன்றோ பழி? இந்தியக் கடல்களின் கற்பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வைத்துக் காக்கப்படுகின்றன. தொட்டிக்கு உயிரற்ற கல்லே சாலும்.

ஆயினும் வந்துவிட்டதை என் செய்வது? முதற்கண் அதனைத் தனிக்கலத்தில் வைத்து, உண்பது யாது, ஒதுங்குவது எங்கு எனப் பல இரவு பொறுத்து நோக்குக, அறிந்தாரை வினவுக. தீங்கிலதாயின் உடன் வாழ விடுக. தீங்குடையதாயின் தனியே வைத்துப் புரக்க. அங்ஙனம் ஐயம் நீங்குமளவும் கையை அடக்கி நிற்றலே அருளின் முதற்படியாம்.