விருந்தாளிகளின் வரைபடம்

இங்கிலாந்தில் வேலை செய்யும் என் மச்சான் கடந்த முறை ஊருக்கு வந்தபோது எனக்கென்று ஒரு பழைய காகிதத்தைக் கொண்டுவந்தார். அங்கே பழைய புத்தகக்கடையில் வாங்கிய நாவலொன்றுக்குள் மடித்துக் கிடந்ததாம். “படம் கீறச் சொல்லிப் பிள்ளைகளை வதைக்கிற ஆளுக்கு இதுதான் பொருத்தம்” என்றார். விரித்துப் பார்த்தேன். வேல்ஸின் வடமேற்குப் பகுதியில் உள்ள போர்ட்மெய்ரியன் என்ற கிராமத்தைப் பார்க்க வருவோருக்காக அச்சிட்ட வரைபடம். ஆண்டு இல்லை. மடிப்புகளில் மை உதிர்ந்திருக்கிறது. கட்டடங்களுக்கெல்லாம் எண்கள், ஓரத்தில் எண்களுக்குரிய பெயர்கள்.

கிராமம் என்கிறோமே தவிர, அதில் கிராமத்தார் இல்லை. கிளஃப் வில்லியம்ஸ்-எலிஸ் என்ற கட்டடக்கலைஞர் 1925இல் அந்த நிலத்தை வாங்கி, ஐம்பது ஆண்டுகள் வரை மெல்ல மெல்லக் கட்டிய இடம் அது. வேறெங்கோ இடிபடவிருந்த கட்டடங்களின் பகுதிகளையும் கொண்டுவந்து நிறுத்தினார். பிரிஸ்டலிலிருந்து ஒரு தூண்வரிசையே வந்து சேர்ந்தது. சில சன்னல்கள் சுவரில் தீட்டிய வெறும் சாயம். கரையில் கட்டிவைத்த கப்பலொன்று உண்டு, அது எங்கும் போகாது. வீடுகள் போலத் தெரிபவற்றில் பல ஹோட்டல் அறைகள். பார்ப்பவர் மகிழவென்றே செய்த இடம். அதில் குற்றம் காண எனக்கு மனமில்லை.

இந்த இடத்தில்தான் 1966இல் ‘த பிரிஸனர்’ என்ற தொலைக்காட்சித் தொடரின் வெளிப்புறக் காட்சிகளைப் படமாக்கினார்கள். பதினேழு பகுதிகள், 1967இலும் 1968இலும் ஒளிபரப்பானது. அரசின் இரகசியப் பணியை இராஜினாமாச் செய்த ஒருவர் மயக்கம் தெளிந்து எழும்போது பெயரற்ற ஒரு கிராமத்தில் இருக்கிறார். அங்கே யாருக்கும் பெயரில்லை. அவர் ஆறாம் இலக்கம். பட்ரிக் மக்கூஹன் அந்தப் பாத்திரத்தில் நடித்தார். அந்த ஊர் உண்மையில் எங்கே இருக்கிறது என்பதைக் கடைசிப் பகுதி வரை பார்வையாளருக்கும் சொல்லவில்லை.

முதற் பகுதியில் ஒரு கடைக் காட்சி வருகிறது. ஆறாம் இலக்கம் வரைபடம் கேட்கிறார். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிறார். அதில் கிராமம் மட்டும். சுற்றிவர மலை, கடல். பெரிய பரப்பைக் காட்டும் படம் வேண்டும் என்கிறார். இன்னும் பெரிய காகிதத்தில் வர்ணத்தில் ஒன்று வருகிறது. அதிலும் அதே கிராமம்தான். வெளியூர்ப் படங்களை யாரும் கேட்பதில்லை என்று கடைக்காரர் பணிவாகச் சொல்கிறார்.

தொடரை எழுதியவர்கள் இந்தக் கடைக்காரரைப் பற்றி அதிகம் யோசித்திருப்பார்களோ தெரியாது. எனக்கோ அவர்தான் தொந்தரவு தருகிறார். அவர் விற்ற படத்தில் பிழையான கோடு ஒன்றுமில்லை. கேட்டதற்கு மரியாதையாகப் பதிலும் சொன்னார். ஒரு பொய்யும் சொல்லாத இந்த மனிதர் குற்றவாளியா?

எந்த வரைபடமும் எல்லாவற்றையும் காட்ட முடியாது. என் கையிலுள்ள படத்தில் சமையற்கட்டில் பாத்திரம் கழுவுவோரின் வீட்டுக்கு வழி இல்லை. அது வருவோருக்கான படம் என்று தன்னைத் தானே சொல்லிக்கொள்கிறது, ஆகவே நேர்மையானது. விருந்தாளியின் படத்தை ஊராருக்கும் கொடுத்து, இதற்கப்பால் கேட்க வேண்டியதில்லை என்று பழக்கும்போதுதான் சங்கடம் தொடங்குகிறது. ‘யாரும் கேட்பதில்லை’ என்ற வாசகத்தில் கேட்கவிடாத கை மறைந்துகொள்கிறது.

இந்தப் படத்தின் ஓரத்தைத் தாண்டி, நேர்கோட்டில் 30 கிலோமீற்றருக்குள் கிழக்கே போனால் ஒரு நீர்த்தேக்கம் வரும். அதன் அடியில் கப்பெல் கெலின் என்ற கிராமம் கிடக்கிறது. வெல்ஷ் மொழி பேசியவர்களின் ஊர். தேவாலயம், பாடசாலை, தபாற்கந்தோர் எல்லாம் இருந்தன. லிவர்பூல் நகருக்குத் தண்ணீர் வேண்டுமென்று 1957இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. ஊரார் லிவர்பூல் வீதிகளில் ஊர்வலம் போயும் பயனில்லை. 1965இல் அணை திறக்கப்பட்டது. லிவர்பூல் மாநகர சபை மன்னிப்புக் கேட்டது 2005இல். ஆளில்லாத கிராமத்தில் கமராக்கள் வந்து இறங்குவதற்கு முந்திய ஆண்டில், ஆளிருந்த கிராமம் தண்ணீருக்குள் போயிருக்கிறது. இதற்கு வில்லியம்ஸ்-எலிஸைக் குறை சொல்ல மாட்டேன். வேல்ஸின் நாட்டுப்புறத்தைக் காக்க முன்னின்றவர் அவர். ஆனாலும் இடிபடும் தூண்களுக்குக் கிடைத்த புகலிடத்தை நினைக்கும்போது மனம் ஒருமாதிரி ஆகிறது.

கடைக்காரரில் எனக்கு இத்தனை அக்கறை வரக் காரணம் உண்டு. ஆசிரியர் கலாசாலை முடித்து வந்த புதிது, 2004. தரம் ஆறில் சமூகக்கல்விப் பாடத்துக்கு, ‘எமது கிராமம்’ என்று படம் வரையச் சொன்னேன். பள்ளிவாசல், சந்தி, குளம், கூட்டுறவுக் கடை, எல்லாவற்றுக்கும் குறியீடுகள். ஒரு பையன் வேறோர் ஊரைக் கீறியிருந்தான். கிணறு, பாலை மரம், நீளமான விறாந்தையோடு பள்ளிவாசல், ‘வாப்பாவின் வீடு’. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த குடும்பம். பையன் பிறந்ததே எங்களூர் முகாமில். கீறிய ஊரை அவன் கண்ணால் கண்டதில்லை.

நான் ஏசவில்லை. “இது இந்தப் படத்துக்குள் வராது மகன், நமது ஊரைத்தானே கேட்டேன்” என்று மெதுவாகத்தான் சொன்னேன். பத்துக்கு நான்கு புள்ளி போட்டேன். மற்றப் பிள்ளைகளின் படங்களில் முகாம் இருக்கவில்லை என்பதை அன்று நான் கவனிக்கவுமில்லை. அவர்களுக்கு எட்டும் ஒன்பதும் கொடுத்தேன். பையன் ஒன்றும் கேட்கவில்லை. கொப்பியை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தான்.

யுத்தம் முடிந்த பிறகு அந்தக் குடும்பம் மன்னார்ப் பக்கம் திரும்பிப் போனதாகக் கேள்வி. கொப்பி அவர்களோடு போனதோ, முகாம் அடுப்பில் எரிந்ததோ. அவன் கீறிய கிணறு அங்கே இருந்த இடத்தில் இருந்ததா என்று அவனிடம் கேட்க வேண்டும்.