தூக்குறவருக்குச் சொல்லணுமா?

தம்மம்பட்டித் தச்சர்கள் செய்யும் கோயில் வாகனங்களில் பாயும் குதிரையைப் பார்த்தால் எனக்கு ஒரு கேள்வி வரும். கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டினால் பார்க்க அழகு, முன்தண்டு பிடிக்கும் சீர்பாதந்தாங்கிக்குப் பாரம். அதை அவரிடம் சொல்லணுமா? தேவையில்லைதான். தூக்கினதும் தோளுக்கே தெரிந்துவிடும்.

விமானமும் ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தது. இறக்கைக்குக் கீழே இன்ஜின் தொங்கினால், வேகம் கூட்டும்போது மூக்கு மேலே எழும்பும். தள்ளுவிசை எடைமையத்துக்குக் கீழே இருக்கிறதே. இந்தியன் ஏர்லைன்ஸ் 1964 முதல் ஓட்டிய காரவெல்லில் இன்ஜின்கள் வால்பக்கம், உடலை ஒட்டி. ஒரு இன்ஜின் நின்றாலும் பக்கவாட்டு இழுப்பு குறைவு. எதுவானாலும் விமானியின் கை பழகிக்கொள்ளும்.

போயிங் 737 முதலில் பறந்தது 1967இல். தரைக்குத் தாழ்வான விமானம். மேக்ஸ் ரகத்துக்குப் பெரிய இன்ஜின் வேண்டியிருந்தது, அடியில் இடமில்லை. முன்னால் தள்ளி, மேலே ஏற்றி மாட்டினார்கள். மூக்கு அதிகம் நிமிரும்போது இன்ஜின் கூடே காற்றில் தூக்கல் கொடுத்து, இன்னும் நிமிர்த்தப் பார்த்தது. நிமிர நிமிரக் கைப்பிடி கனக்க வேண்டும் என்பது விதி, இதில் லேசானது. அதைச் சரிக்கட்ட மூக்கைத் தானே கீழே தள்ளும் மென்பொருள் வைத்தார்கள். பெயர் எம்கேஸ். அது நம்பியது ஒரே ஒரு சென்சாரை.

மென்பொருள் வைத்ததில் எனக்குக் குறையில்லை. காரில் பவர் ஸ்டியரிங் இல்லையா! ஆனால் விமானியின் கையேட்டில் அதைப் பற்றி விளக்கவே இல்லை. பழைய 737 ஓட்டியவருக்குப் புது சிமுலேட்டர் பயிற்சி வேண்டாம் என்பது விற்பனைக்கான பேச்சு. எல்லாத்தையும் சொன்னா குழம்பிப் போவாங்க என்றும் ஒரு வாதம் உண்டு. குழம்பணுமா வேண்டாமா என்று முடிவு செய்ய, தண்டைத் தூக்காதவருக்கு என்ன உரிமை?

2018 அக்டோபர் 29. ஜகார்த்தாவிலிருந்து கிளம்பிய லயன் ஏர் விமானத்தின் கேப்டன் டெல்லிக்காரர், பவ்யே சுனேஜா. கெட்ட சென்சாரை நம்பி மென்பொருள் மூக்கைக் கீழே தள்ள, அவர் 20 தடவைக்கு மேல் மேலே இழுத்தார். 189 பேர் போனார்கள்.

அப்புறம் சொன்னார்கள். எத்தியோப்பிய விமானிகளுக்கு 2019 மார்ச்சில் விஷயம் தெரியும், சுவிட்சையும் அணைத்தார்கள். அந்த வேகத்தில் கையால் சக்கரத்தைச் சுற்ற முடியவில்லை. 157 பேர்.

மேக்ஸ் ஓட்டுகிறவர்களுக்கு சிமுலேட்டர் பயிற்சி வேண்டும் என்று போயிங் பரிந்துரைத்தது 2020 ஜனவரியில்.